பேரையூரில் கால்நடை

"பேரையூருக்குப் போகிறோம்" என்று நாம் சொன்னதும் வீட்டில் இரண்டு கேள்விகள் பிறந்தன. "எந்தப் பேரையூர்?" என்பது முதற் கேள்வி. நியாயமான கேள்விதான். புதுக்கோட்டைச் சீமையில் நாகநாதர் கோயில் கொண்ட பேரையூர் ஒன்று இருக்கிறது. கமுதிப் பக்கத்திலும் ஒன்று உண்டு. நாம் சொன்னதோ மதுரை ஜில்லாவின் தென்மேற்கு மூலையில், ஒரு தாலுகாவுக்குத் தலைமை ஊராக விளங்கும் பேரையூர். "அங்கே யாருக்குக் கல்யாணம்?" என்பது இரண்டாவது கேள்வி. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, நிலத் தகராறும் இல்லை. சும்மா நடந்துவிட்டு வரப் போகிறோம் என்று விளக்கினோம். வீட்டார் நம்முடைய நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறைதான்!

நம்மவர்களுக்கு நடை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பழனிக்கு நடக்கிறோம், ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறுகிறோம். ஆனால் வேண்டுதல் இருந்தால் நூறு மைல் நடக்கும் அதே கால்கள், வேண்டுதல் இல்லாத நாளில் தெருக்கோடிக் கடைக்கும் மோட்டார் சைக்கிளைத் தேடுகின்றன. நடப்பதற்காகவே நடப்பது என்பது நமக்கு இன்னும் கொஞ்சம் வெட்கமான காரியமாகவே இருந்து வருகிறது.

இங்கிலாந்து தேசத்துச் சிற்றூர்களில் இந்த வெட்கம் கிடையாது. அங்கே வயல் நடுவே, தோட்ட ஓரமாக, ஆட்டுப் பட்டிக்குள்கூட ஒற்றையடிப் பாதைகள் போகின்றன. நிலம் ஒருவருக்குச் சொந்தம். அதன் மேல் நடக்கும் உரிமை ஊருக்கெல்லாம் சொந்தம். அந்த உரிமையும் அவர்களுக்குத் தானாக வந்துவிடவில்லை. 1932-ஆம் ஆண்டில் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டு நிலத்தில், தடையை மீறி நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் நடந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 1949-ஆம் ஆண்டில் பிறந்த ஒரு சட்டம், பொதுப் பாதைகளையெல்லாம் படத்தில் குறித்து வைக்கும்படி உள்ளூர் ஆட்சி மன்றங்களுக்குக் கட்டளையிட்டது.

நம் ஊரில் மட்டும் பாதைகள் இல்லையா? தாராளமாக இருக்கின்றன. கிராமப் படத்தை விரித்துப் பார்த்தால் வண்டிப் பாதை, நடைபாதை என்று கோடுகள் ஓடுவதைக் காணலாம். படத்தில் உள்ள கோடு தரையிலும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நாம் புறப்பட்டோம்.

பேரையூரில் முதல் நடையை மாலையில் வைத்துக்கொள்வது நல்லது. வெயில் தணிந்ததும் ஊரை விட்டு மேற்கு முகமாகச் சிறிது தூரம் போனாலே போதும். கரிசல் நிலத்துக்கு அப்பால், வானத்தின் விளிம்பில் மேற்குத் தொடர்ச்சி மலை நீல வர்ணத்தில் எழுந்து நிற்கும். சாப்டூர் காடும் சதுரகிரியும் அந்தப் பக்கந்தான். வருஷநாட்டு மலைகளின் கிழக்குச் சரிவில் பிறக்கும் குண்டாறு, இந்தச் சமவெளிக்கு இறங்கித் திருமங்கலத்தைத் தொட்டுக்கொண்டு, நெடுந்தூரம் போய் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. மலைக்காட்டுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. 2021-ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைக் காடுகள் புலிகள் காப்பகமாகிவிட்டன. வனத் துறையின் அனுமதி வேண்டும். ஆனால் கண்மாய்க் கரையில் நின்று மலையைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

கரைமேல் நடப்பவருக்கு ஒரு பெரிய சாஸ்திரம் இலவசமாகக் கிடைக்கிறது. மடை எது, கலிங்கு எது என்று குழந்தைகளுக்குக் காட்டலாம். மடை வயலுக்குத் தண்ணீர் விடுவது. கலிங்கு, நிரம்பி மிகுந்த தண்ணீரை வெளியே அனுப்புவது. அந்த மிச்சத் தண்ணீர் வீணாவதில்லை. கீழேயுள்ள கண்மாய்க்குப் போகிறது. அது நிரம்பினால் அதற்கும் கீழே. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பிழைக்கும் சமவெளியில், மேலூர்க்காரன் மிச்சம் கீழூர்க்காரனுக்கு உயிர். பாடப் புத்தகத்தில் நாலு பக்கம் படித்தும் மனத்தில் ஏறாத இந்த விஷயம், கலிங்கின் மேல் உட்கார்ந்து கடலை கொறிக்கும்போது தானாக ஏறிவிடுகிறது.

இரண்டாவது நடை காலை நடை. கிழக்கே தே. கல்லுப்பட்டிக்கு நிதானமாக நடந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதையடுத்துள்ள தேவன்குறிச்சி மலையும், அதன் அடிவாரத்தில் அக்னீஸ்வரர் கோயிலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. பெருங்கற்காலத்து மக்கள் புழங்கிய கறுப்பு, சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்த பூமி இது.

கல்லுப்பட்டியில் நாம் கால் ஓய்ந்து நின்ற இடம் காந்தி நிகேதன் ஆசிரமம். 1940-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை கற்று, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, பம்பாயில் கோட்டும் சூட்டுமாக வாழ்ந்த ஜே.சி. குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளை இங்கேதான் எளிமையாகக் கழித்தார். 1929-இல் மகாத்மாவைச் சந்தித்த பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களுக்குப் போய், ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து எழுதுவது. மாணவர்களுடன் 54 கிராமங்களை அவர் ஆராய்ந்தார். பெரிய கலாசாலைகளில் கற்ற பொருளாதாரம் ஒரு புறம் இருக்க, இந்தியாவின் பொருளாதாரத்தை அவர் கற்றது அந்தப் புழுதியிலேதான். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, மகாத்மா மறைந்த அதே தேதியில், அவரும் காலமானார்.

இவ்வளவும் நல்லபடியாக நடந்தன. திரும்பும்போதுதான் சங்கடம் வந்தது. தார் ரோட்டை விட்டுக் குறுக்கே கண்மாய்க் கரை வழியாகப் போகலாம் என்று நமக்குத் தோன்றிற்று. உடன் வந்த மருமகப் பிள்ளையின் கைப்பேசிப் படத்திலும் அங்கே ஒரு பாதை இருந்தது. அதை நம்பி அரை மைல் போனோம். பிறகு படம் இருந்தது, பாதை இல்லை. சீமைக் கருவேலம் சுவர் வைத்தாற்போல் அடைத்துக்கொண்டு நின்றது. நம்முடைய வேஷ்டியில் பாதியை அதற்குக் காணிக்கை கொடுத்துவிட்டு நின்றபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி சிரித்தார்.

"இங்கிட்டு எங்கிட்டுப் போறீக? நான் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்துல இதுதான் சாமி பாதை. வண்டி போகும், பிள்ளைக பள்ளிக்கூடம் போகும். இப்ப ஆருக்கும் இதுல சோலி இல்லை. கால் நின்னுச்சு, முள்ளு வந்துருச்சு."

அந்த அம்மாள் நம்மை வேறு ஒரு வழியாக, எந்தப் படத்திலும் இல்லாத வழியாக, ரோட்டில் கொண்டுவந்து விட்டார். வழி நெடுக ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் சொன்னார். புளியமரத்துச் செய், பள்ளக்காடு, சாமி புஞ்சை. அந்தப் பெயர்கள் எங்கே எழுதி வைத்திருக்கின்றன என்று கேட்டோம். "எழுதுறதென்ன, நடக்குறவுகளுக்குத் தெரியும்" என்றார்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த முள்மரத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகளும் உண்டு. பாதையைக் கொன்றது முள் அல்ல. நாம் நடக்காமல் விட்டது. பாதை மூடினால் கரையைப் பார்க்க ஆள் இல்லை. கரையைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால், உடைப்பு எடுக்கும் நாளில்தான் கண்மாய் ஒன்று இருந்தது நமக்கு நினைவு வரும்.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். கார்த்திகைக்குப் பிறகு, மாசி வெயில் ஏறுமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பேரையூருக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. உங்கள் சொந்த ஊர் போதும். மோர் ஒரு பாத்திரம், குடை ஒன்று, புதரைத் தட்டிப் போகக் கைத்தடி ஒன்று. விதைத்த வயலில் கால் வைக்க வேண்டாம். ரோட்டில் காயும் தானியத்தைச் சுற்றிப் போங்கள். குழந்தைகளை முன்னே விட்டு, வழி தெரிந்த ஒரு பாட்டியையோ தாத்தாவையோ கூட அழைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நமக்கு வேஷ்டி ஒன்று நஷ்டம். வீட்டில் அதைப் பற்றிக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் வருகிற தை மாதம், அரிவாளோடு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அதே கரைக்குப் போவதாக மருமகப் பிள்ளை சொல்லியிருக்கிறான். பழைய வேஷ்டியாகப் பார்த்து இப்போதே எடுத்து வைத்துவிட்டோம்.