மூப்பு என்று ஒதுக்கலாமா?

கடப்பாக்கத்தில் கடலோடியாக வாழ்ந்தவர் என் தாத்தா. முதுமையில், கரையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு இடங்களில் உட்கார்ந்துவிடுவார். "வயசாச்சு இல்ல, தம்பி" என்பார். நாங்களும் நம்பினோம். ஒருநாள் மணலில் மயங்கி விழுந்தார். செங்கல்பட்டுக்குக் கொண்டு சென்றோம். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததுமே இரைச்சல் கேட்கிறது என்ற மருத்துவர், எக்கோ எடுக்கச் சொன்னார்.

எக்கோ என்பது நமக்குப் புதியதன்று. விசைப்படகில் கேளா ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, எதிரொலியைக் கொண்டு ஆழத்தை அறிகிறார்களே, அதே தத்துவம்தான். 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாரும் இதைக் கொண்டு இதயத்தைப் பதிவு செய்தனர். அவர்கள் முதலில் முயன்று பார்த்தது, கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறைகளைக் கண்டறியும் கருவியை!

முதியவர்களுக்குப் பெருந்தமனி வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து, வழி குறுகுகிறது. குறுகிய வழியில் இரத்தம் சீறிப் பாய்கிறது. நம் வகுப்பில் படித்த டாப்ளர் விளைவினால் அந்த வேகத்தை அளக்கலாம். விநாடிக்கு 4 மீட்டரை எட்டினால் அடைப்பு கடுமையானது. வால்வின் திறப்பும் பெரும்பாலும் 1 சதுர சென்டிமீட்டருக்குள் சுருங்கியிருக்கும். இதயத் தசை தளர்ந்துவிட்டால் வேகம் குறைந்து ஏமாற்றவும் கூடும். ஆகவே கருவி மட்டும் போதாது. தேர்ந்த கண்ணும் வேண்டும்.

தாத்தாவுக்கு அடைப்பு கடுமையாக இருந்தது. அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே அவர் போய்விட்டார். நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாய் வழியே புது வால்வு பொருத்தும் முறை 2002லேயே வந்துவிட்டது. எங்களுக்குக் குறைவாக இருந்தது மருத்துவமன்று, காலம்.

"முதியோர் அனைவருக்கும் எக்கோ எடுக்க முடியுமா?" என்று நண்பர் கேட்டார். வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வீடு தேடி வருகிறது. அப்போதே மூன்று கேள்விகள் கேட்கட்டும்: நடந்தால் மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு வலிக்கிறதா? மயக்கம் வருகிறதா? ஆம் என்பவரின் நெஞ்சை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் கேட்கட்டும். இரைச்சல் இருந்தால் எக்கோவுக்கு அனுப்பட்டும். இதுவே என் தாழ்மையான கருத்து.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் பாதி வழியில் உட்கார்ந்தால், வயதின் மீது பழி போடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.