ஆட்டம் ஒருவருடையது, பாட்டு வேறொருவருடையது

வீடியோ கேம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை விளையாடி, அந்தத் திரைக்காட்சியைத் தம் குரல் வர்ணனையோடு பதிவுசெய்து யூடியூபில் ஏற்றுவது இன்று பலருக்குப் பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டிப் பிழைப்பாகவே ஆகிவிட்டது. இத்தகைய கேம்ப்ளே வீடியோக்களுக்கு ஓயாத தொல்லையாக இருப்பது இசைக்கான பதிப்புரிமைக் கோரல். வீடியோ எடுத்துப் போடலாம், விளம்பர வருவாயும் பெறலாம் என்று விளையாட்டை உருவாக்கிய நிறுவனமே வெளிப்படையாக அனுமதித்திருக்க, அதே விளையாட்டுக்குள் ஒலித்த பாடலைக் காட்டி ஓர் இசை நிறுவனம் அந்த வருவாயைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது வீடியோ போடுவோருக்கு அநீதியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் சிக்கலின் வேர் இசை நிறுவனத்தின் பேராசையிலோ கணினியின் பிழையிலோ மட்டும் இல்லை. விளையாட்டு நிறுவனம் தன் கையில் முழுமையாக இல்லாத உரிமையை விளையாடுபவருக்கு வழங்கிவிட்டதுபோல் ஒரு தோற்றம் நிலவுவதே அதன் வேர்.

ஒரு பாடலில் பொதுவாக இரண்டு பதிப்புரிமைகள் அடங்கியிருக்கின்றன. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பின் மீதான உரிமை ஒன்று. அது பாடலாசிரியர், இசையமைப்பாளர், அவர்கள் சார்பில் இயங்கும் இசை வெளியீட்டாளர் ஆகியோரிடம் இருக்கும். அந்தப் படைப்பைப் பாடிப் பதிவுசெய்த குறிப்பிட்ட ஒலிப்பதிவின் மீதான உரிமை மற்றொன்று. அது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும். விளையாட்டு நிறுவனம் ஏற்கெனவே வெளியான பாடலொன்றைத் தன் விளையாட்டில் சேர்க்க விரும்பினால் இவ்விரு தரப்பிடமும் உரிமம் பெற்றாக வேண்டும். அந்த உரிமம் இன்ன விளையாட்டுக்குள், இன்ன கருவிகளில், இத்தனை ஆண்டுகளுக்கு என்று வரையறுக்கப்பட்டே கிடைக்கும். வாடகைக்கு எடுத்த வீட்டை உரிமையாளரைக் கேளாமல் உள்வாடகைக்கு விட முடியாததுபோல, இவ்வாறு பெற்ற பாடலை விளையாடுபவரின் வீடியோவுக்கும் சேர்த்து விட்டுக்கொடுக்க விளையாட்டு நிறுவனத்தால் இயலாது.

உரிமம் எவ்வளவு குறுகியது என்பதற்கு விளையாட்டுகளின் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. 2008இல் வெளியான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4’ விளையாட்டின் கார் வானொலியில் ஒலித்த பாடல்களில் பலவற்றை, பத்தாண்டு உரிமம் முடிந்ததும், 2018இல் ராக்ஸ்டார் நிறுவனம் நீக்க வேண்டியதாயிற்று. 2010இல் வெளியான ‘ஆலன் வேக்’, இசை உரிமங்கள் காலாவதியானதால் 2017 மே மாதத்தில் விற்பனையிலிருந்தே விலக்கப்பட்டு, உரிமங்கள் புதுப்பிக்கப்பட்டபின் 2018 அக்டோபரில் திரும்பி வந்தது. தான் உருவாக்கிய விளையாட்டைத் தானே விற்க முடியாத நிலைக்கு ஒரு நிறுவனம் ஆளாகக்கூடும் என்றால், அதே விளையாட்டைப் படம்பிடித்துப் போடுபவரின் நிலை எத்தனை வலுவற்றது என்பதை விளக்கத் தேவையில்லை. பாடல் மிகப் பழையது என்பதும் காப்பாகாது. ‘ஃபால்அவுட் 3’ விளையாட்டின் தொடக்கக் காட்சியில் ஒலிக்கும் இங்க் ஸ்பாட்ஸ் குழுவின் பாடல் 1941இல் பதிவானது. 1923க்கும் 1946க்கும் இடையே வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்கா 2018இல் இயற்றிய இசை நவீனமயமாக்கல் சட்டம் நூறாண்டுக் காப்பு அளிப்பதால், அப்பதிவு அங்கே 2041 இறுதி வரை உரிமைக்கு உட்பட்டதாகவே இருக்கும்.

விளையாட்டுக்கென்றே புதிதாக அமைக்கப்பட்ட பின்னணி இசையும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. சில இசையமைப்பாளர்கள், குறிப்பாகச் சிறு நிறுவனங்களுக்குப் பணியாற்றுபவர்கள், இசைத்தொகுப்பைத் தனியே வெளியிடும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு இணைய விநியோகஸ்தர் வழியாக விற்பதுண்டு. அந்த விநியோகஸ்தர் தம் சேவையின் ஒரு பகுதியாக அவ்விசையை யூடியூபின் அடையாளத் தொகுதியிலும் பதிந்துவிடும்போது, இசையமைப்பாளரோ விளையாட்டு நிறுவனமோ விரும்பாமலேயே அவ்விளையாட்டின் வீடியோக்கள் மீது கோரல்கள் விழத் தொடங்கும். பல சேனல்களை ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைத்து நடத்தும் வலையமைப்புகளின் கிளைச் சேனல்களுக்கும் யூடியூப் இத்தொகுதியின் சோதனையை 2013 டிசம்பரில் விரிவாக்கியபோது, கேமிங் சேனல்கள் மீது கோரல்கள் வெள்ளமாகப் பாய்ந்தன. கேப்காம், யுபிசாஃப்ட், டீப் சில்வர் போன்ற நிறுவனங்கள் முன்வந்து, அக்கோரல்களை எதிர்த்து முறையிடுமாறு வீடியோ போடுவோரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த அடையாளத் தொகுதியின் பெயர் கன்டென்ட் ஐடி. 2007 முதல் யூடியூபில் இயங்கும் இதில், உரிமையாளர்கள் தம் ஒலி, ஒளிப் பதிவுகளை மாதிரிக் கோப்புகளாக ஒப்படைப்பார்கள். கணினி அவை ஒவ்வொன்றிலிருந்தும் கைரேகை போன்ற எண்வடிவச் சுருக்கம் ஒன்றைப் பெற்று, ஏற்றப்படும் வீடியோக்களை அதனோடு ஒப்பிடும். பொருத்தம் கண்டால், உரிமையாளர் முன்கூட்டியே தெரிவித்த விருப்பப்படி, வீடியோ தடுக்கப்படும், அல்லது அதன் விளம்பர வருவாய் உரிமையாளருக்குத் திருப்பப்படும், அல்லது பார்வை விவரங்கள் மட்டும் கண்காணிக்கப்படும். இந்தக் கணினி விடை காணும் கேள்வி ‘இது எந்தப் பதிவு?’ என்பது மட்டுமே. ‘இதைப் பயன்படுத்த இவருக்கு அனுமதி உண்டா?’ என்ற கேள்விக்கான விடை ஒப்பந்தத் தாள்களிலும் சட்டத்திலும் இருக்கிறது. அவற்றைக் கணினி படிப்பதில்லை. எனவே அடையாளம் முற்றிலும் சரியாக இருக்கும்போதும் கோரல் தவறாக இருக்கக்கூடும்.

கோரல் ஒன்றைப் பெற்றவர் முதலில் பிரித்தறிய வேண்டியது கோரலுக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வேறுபாட்டை. கோரல் வருவாயையோ காட்சிப்படுத்தலையோ பாதிக்கும். பொதுவாகச் சேனலின் இருப்பைப் பாதிக்காது. ஸ்ட்ரைக் என்பது 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டப்படி முறையான நீக்கல் கோரிக்கை வந்து, வீடியோ நீக்கப்படுவதன் விளைவு. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே முடக்கப்படலாம். கோரலை மறுத்து முறையிட்டால் கோரியவர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பதில் இல்லையெனில் கோரல் தானே விலகும். அவர் கோரலை உறுதிசெய்தால் மேல்முறையீடு செய்யலாம்; அதற்குக் கோரியவர் 7 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். மேல்முறையீட்டையும் ஏற்காத கோரியவருக்கு எஞ்சும் வழி நீக்கல் கோரிக்கை மட்டுமே என்பதால், ஆதாரமின்றி இந்தப் படிவரை ஏறியவர் ஸ்ட்ரைக்கைத் தாமே வரவழைத்துக்கொண்டவராவார். கோரல் வந்த ஐந்து நாட்களுக்குள் முறையிட்டால் முதல் நாளிலிருந்தே வருவாய் தனியே நிறுத்திவைக்கப்பட்டு, முடிவுக்குப்பின் உரியவரிடம் சேரும் என்பது பலர் கவனிக்கத் தவறும் விதி.

முறையீட்டின் வலிமை அதனுடன் காட்டக்கூடிய ஆதாரத்தைப் பொறுத்தது. விளையாட்டு நிறுவனத்தின் வீடியோக் கொள்கை, இசையமைப்பாளரின் எழுத்துவழி அனுமதி ஆகியவை கையில் இருந்தால் முறையிடுவதில் பொருள் உண்டு. பத்து வினாடி வரை யாரும் எடுத்தாளலாம் என்ற நம்பிக்கையும், உரிமையை மீறும் நோக்கமில்லை என்று விளக்கக் குறிப்பில் எழுதிவிடும் பழக்கமும் சட்டத்தின் முன் எடுபடுவதில்லை. அமெரிக்கச் சட்டத்தின் நியாயமான பயன்பாடு என்ற விதிவிலக்கு, பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் இயல்பு, எடுத்தாண்ட அளவு, சந்தையில் ஏற்படும் விளைவு என நான்கையும் சேர்த்து நீதிமன்றம் எடைபோடும் ஒன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவோ சொந்தப் பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்ற குறித்த நோக்கங்களுக்கு மட்டுமே இடம் தருகிறது. கார் ஓட்டும் காட்சியின் பின்னால் முழுப் பாடலும் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோவை இவற்றுள் எதிலும் எளிதாக அடக்கிவிட முடியாது.

மறுபுறம், தவறான கோரல்களும் அரியவை அல்ல. 2021இன் முதல் ஆறு மாதங்களில் 72 கோடிக்கும் மேற்பட்ட கன்டென்ட் ஐடி கோரல்கள் எழுந்தன என்றும், அவற்றுள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவையே மறுக்கப்பட்டன என்றும், மறுக்கப்பட்டவற்றில் சுமார் 60 விழுக்காடு வீடியோ போட்டவருக்குச் சாதகமாக முடிந்தன என்றும் யூடியூபின் வெளிப்படைத்தன்மை அறிக்கை தெரிவித்தது. மறுப்புகள் குறைவு என்பதைக் கோரல்கள் சரி என்பதற்குச் சான்றாகக் கொள்வோர் உண்டு. நடைமுறையை அறியாமலும் ஸ்ட்ரைக்குக்கு அஞ்சியும் பேசாமல் இருந்துவிடுவோரை அக்கணக்கு காட்டாது. உரிமை இருப்பதாகச் சொல்பவரின் சொல்லை நம்பித் தொடங்கும் ஏற்பாடு இது என்பதால் மோசடிக்கும் இடமுண்டு: தமக்குச் சொந்தமில்லாத லத்தீன் அமெரிக்கப் பாடல்களைத் தம்முடையவை எனப் பதிந்து 2 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியதாக இருவர் மீது 2021இல் அமெரிக்காவில் குற்றவழக்கு தொடரப்பட்டது.

நேரலையில் நிலைமை வேறு வகையில் கடுமையானது. 2020 மே வரை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவாக வந்த இசை தொடர்பான நீக்கல் அறிவிப்புகள், அதன்பின் வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கியதாக ட்விட்ச் தளம் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் பலருடைய பழைய பதிவுகள் மறுத்து வாதிடும் வாய்ப்பே தரப்படாமல் அழிக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் பிளிசார்ட் நிறுவனத்தின் ஆண்டு விழாவில் மெட்டாலிகா குழு இசைத்தபோது, ட்விட்சின் சொந்த கேமிங் சேனலே அவ்விசையை அகற்றிவிட்டு, சம்பந்தமில்லாத ஏதோ ஒரு மெல்லிசையை அதன்மேல் ஒலிக்கவிட்டது. தளத்தை நடத்துவோருக்கே துணிச்சல் இல்லாத இடத்தில், தனி மனிதர் ஒருவர் பாட்டை ஓடவிட்டு நிம்மதியாக விளையாட முடியாது.

இதற்கு விளையாட்டு நிறுவனங்கள் கண்ட மாற்று ஸ்ட்ரீமர் மோட். உரிமம் பெற்ற பாடல்களை மட்டும் அணைத்துவிட்டுச் சொந்த இசையை ஒலிக்கவிடும் அமைப்பு அது. 2020 டிசம்பரில் வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’இல் இவ்வசதி இருந்தும், தொடக்கப் பகுதிக் காட்சி ஒன்றில் பாடலொன்று தப்பி ஒலித்துவிட, இசையை முழுவதும் நிறுத்திவிட்டு விளையாடுமாறு அதை உருவாக்கிய நிறுவனம் எச்சரிக்க நேர்ந்தது. 2021இல் வந்த ‘மார்வெல்ஸ் கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி’யிலும் இவ்வசதி உண்டு, ஆனால் 1980களின் பாடல்களையே கதையின் உயிராகக் கொண்ட விளையாட்டில் அப்பாடல்களை அணைத்துவிட்டால், பார்ப்போருக்குக் கிடைப்பது விளையாட்டின் குறைபட்ட வடிவமே. இசை ஒலியளவைச் சுழியாக்குவதும், பொதுவில் விடும் முன் வீடியோவைத் தனிப்பட்டதாக ஏற்றிக் கோரல் வருகிறதா என்று பார்த்துக்கொள்வதும், வர்ணனையைத் தனித் தடத்தில் பதிந்து வைப்பதும் பயனுள்ள முன்னெச்சரிக்கைகள் என்பதில் ஐயமில்லை. அவை சேதத்தைக் குறைக்குமேயன்றி உரிமையை வழங்கா.

உரிமையை வழங்கக்கூடிய இடம் ஒன்றுதான்: விளையாட்டு நிறுவனமும் இசை உரிமையாளரும் ஒப்பந்தம் எழுதும் மேசை. கேம்ப்ளே வீடியோக்கள் செலவில்லா விளம்பரமாக அமைந்து விற்பனைக்கு உதவுகின்றன என்பதை அறிந்தே நிறுவனங்கள் அவற்றை வரவேற்கின்றன. அந்தப் பயனைப் பெறுபவர்கள், பாடலுக்கு உரிமம் வாங்கும்போதே விளையாடுபவரின் வீடியோக்களுக்கும் சேர்த்து விலை பேச வேண்டும். பேச முடியாத பாடல்கள் எவை என்பதை விளையாட்டை விற்கும்போதே பட்டியலிட்டுச் சொல்ல வேண்டும். தாம் அமர்த்தும் இசையமைப்பாளரோடும் அவருடைய விநியோகஸ்தரோடும் கன்டென்ட் ஐடி பதிவைப் பற்றி முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். இசைக்கலைஞர் தம் உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறில்லை. அக்கூலியை ஒப்பந்தத்தில் பங்கேற்காத, அதைப் படிக்கவும் வாய்ப்பில்லாத மூன்றாம் மனிதரிடமிருந்து கணினி வழியாக வசூலிக்கும் ஏற்பாடுதான் திருத்தப்பட வேண்டியது.