துப்பாக்கி மட்டும்தான் ராணுவமா?

ராணுவ வீரர் படம் வரையச் சொன்னால் எல்லோரும் துப்பாக்கியைத்தான் முதலில் வரைவோம். கையில் மண்வெட்டி கொடுத்து யாராவது வரைந்திருக்கிறோமா? அப்படி ஒரு படையே இருக்கிறது. அதுவும் நம்ம சென்னையின் பழைய பெயரில்! 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்ற பொறியாளர் படை. 1780-ல் தொடங்கியது. தலைமையிடம் பெங்களூரு. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. இந்தத் தம்பிகளைப் பற்றி நம் பள்ளியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மற்ற படை போவதற்கு முன்னால் இவர்கள் போகணும். சாலை போடணும், பாலம் கட்டணும், கண்ணிவெடியைத் தோண்டி எடுக்கணும். எதிரி சுட்டாலும் வேலை நிற்கக் கூடாது.

1948-ல் லடாக் போகும் வழியில் உள்ள ஜோஜிலா கணவாய் எதிரி கையில் இருந்தது. 11,500 அடிக்கு மேல் உயரம். கோவேறு கழுதை போகிற பாதைதான் உண்டு. மேஜர் தங்கராஜு தலைமையில் தம்பிகள் அதை வெட்டி அகலமாக்கினார்கள். நவம்பர் 1-ஆம் தேதி அதன் வழியே டாங்கிகள் ஏறின. அவ்வளவு உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி நினைக்கவே இல்லை. அந்த வெற்றியில் பாதி, மண் வெட்டியவர்களுடையது என்பேன்.

"இவங்க வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவங்கதானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 1781-ல் சோளிங்கரில் ஹைதர் அலியையும், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானையும் எதிர்த்து கம்பெனிப் படையோடு போனவர்கள் இவர்கள். இதை மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கிய ஆர்தர் காட்டனும், 1895-ல் முல்லைப் பெரியாறு அணையை முடித்த பென்னிகுயிக்கும் மெட்ராஸ் ராணுவப் பொறியாளர்களே. வரி வசூல் கூடணும் என்ற கணக்கு ஆங்கில அரசுக்கு இருந்தது. தண்ணீர் என்னவோ நம்ம வயலுக்குத்தான் வந்தது. பென்னிகுயிக் பிறந்த நாளில் தேனிப் பக்கம் பொங்கலே வைக்கிறார்கள். கல் சுமந்த கூலிக்காரர்களின் பெயர்தான் யாருக்கும் தெரியாது.

2024 ஜூலை 30, வயநாடு நிலச்சரிவு. சூரல்மலைப் பாலம் அடித்துப் போனதால் அக்கரை முண்டக்கைக்கு மண் அள்ளும் இயந்திரம் போக வழியில்லை. தம்பிகள் போனார்கள். 31-ஆம் தேதி தொடங்கி, மறுநாள் மாலைக்குள் 190 அடி நீளப் பெய்லி பாலம் தயார். 24 டன் தாங்கும்! அங்கே மேஜர் சீதா ஷெல்கே நின்ற படத்தைப் பார்த்து, "பொண்ணு பாலம் கட்டுதே" என்று பலர் அதிசயப்பட்டார்கள். எனக்கு அதில் அதிசயம் இல்லை. கொட்டும் மழையில், ஓடும் வெள்ளத்தின் மேல், இவ்வளவு சீக்கிரம் கட்டினார்களே, அதுதான் அதிசயம்.

பெய்லி பாலத்தின் சூத்திரம் ரொம்ப எளிது. பத்தடி நீள இரும்புச் சட்டம். ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். ஒன்றோடு ஒன்றை முளை போட்டு மாட்டி, உருளை மேல் வைத்து அக்கரைக்குத் தள்ளுவார்கள்.

அதனால் என் கோரிக்கை: அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை வேண்டாம். (எத்தனை வருஷம்தான் சோடா உப்பும் வினிகரும்!) ஐஸ் குச்சியில் பெய்லி பாலம் செய்வோம். முளைக்குப் பதில் குண்டூசி. எத்தனை செங்கல் தாங்குகிறது என்று எல்லோர் முன்னாலும் அடுக்கிப் பார்ப்போம். நமக்கும் ஆறு பேர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் மதிய இடைவேளையில் பெயர் கொடுக்கலாம்.