அந்த இரவில் எங்கள் வாயை ஏன் அடைத்தீர்கள்?

இலங்கை அரசு சமூக வலைத்தளங்கள் மீது விதித்த தடை 2019 மே 17ஆம் திகதி நீக்கப்பட்டது. அதற்கு நன்றி சொல்லும் மனநிலையில் புத்தளம் கரையோரத்தில் எவரும் இருக்கவில்லை. 13ஆம் திகதி அதை ஏன் விதித்தார்கள் என்பதற்கே எங்களுக்குப் பதில் வேண்டும்.

வதந்தி பரவாமல் தடுக்கத்தான் என்றார்கள். நாட்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம். முகநூலில் நடந்த ஒரு வாய்த்தர்க்கத்தில் சிலாபம் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் எழுதிய ஆங்கில வரி, மிரட்டலாகப் பொருள்கொள்ளப்பட்டது. 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எழுதியவர் கைதானார். திங்கட்கிழமை தடை வந்தது. ஹெட்டிப்பொலவும் மினுவாங்கொடவும் எரிந்தது அதன் பிறகுதான். நாத்தாண்டிய, கொட்டராமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டதும் அதன் பிறகுதான். முகநூல் முடங்கிய பிறகும் கும்பல் வழிதவறவில்லை. ஊரடங்கு அறிவித்த பிறகும் அது வீதியில்தான் நின்றது.

தடையில் அகப்பட்டவர்கள் வீட்டுக்குள் இருந்தவர்கள். நோன்பு துறந்த கையோடு விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தைகளை அணைத்துக்கொண்டு இருந்தவர்கள். கும்பல் எந்தச் சந்தியில் நிற்கிறது, எந்தப் பாதையால் தப்பலாம் என்று அடுத்த ஊருக்குச் சொல்ல அவர்களிடம் இருந்தது வாட்ஸ்அப் மட்டும்தான். இந்தக் கரையோரத்தில் கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ பிள்ளை உழைக்காத தெரு ஏது? அந்தப் பிள்ளைகள் இரவு முழுக்க உம்மா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் தவித்தார்கள். சாதாரண அழைப்பு இருந்ததே என்று சொல்லலாம். ஓர் ஊருக்கே ஒரே நொடியில் எச்சரிக்கை கொடுக்க அந்த அழைப்பால் முடியுமா? தாக்க வந்தவர்களின் முகங்களைப் படம்பிடித்தவர் அதை யாருக்கு அனுப்புவார்? விஷமம் செய்பவனுக்குத் தடையைத் தாண்டும் விபிஎன் தெரியும். பயந்து கிடந்த தாய்க்குத் தெரியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இந்த மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த முஸ்லிம்களுக்கு, செய்தி தெரியாத இரவு எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே இருட்டில் அவர்களை மறுபடி உட்கார வைத்தீர்கள்.

இது முதல் தடவையும் இல்லை. 2018 மார்ச்சில் திகனவிலும் கண்டியிலும் வீடுகள் எரிந்தபோது ஒரு வாரத்துக்கு மேல் இதே தடை இருந்தது. அதில் என்ன கற்றார்கள்? திகன வன்முறைக்காகக் கைதானவர்களில் முக்கியமான ஒருவர் பிணையில் வெளியே வந்து, 2019 மே 14இல் மறுபடி கைதாகும்வரை சுதந்திரமாகத் திரிந்தார். 2019 ஜனவரியில் எங்கள் மாவட்டத்தின் வண்ணாத்திவில்லில், ஒரு தென்னந்தோட்டத்தில் சுமார் 100 கிலோ வெடிபொருள் அகப்பட்டது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனார்களா? ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து தாக்குதல் பற்றிய எச்சரிக்கை வந்தது. அது உரிய இடத்தில் கிடந்து உறங்கியது. ஏப்ரல் 21இல் ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களில் தேவாலயங்களில் பிணங்கள் விழுந்த பின்னரே விழித்தார்கள். விழித்ததும் கை போன இடம் முகநூலின் ஆளி. கிடைத்த தகவலைக் கிடப்பில் போட்டவர்கள், மக்களின் தகவலை வெட்டுவதில் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை.

வெறுப்பைக் கக்கும் பதிவுகள் நீக்கப்பட வேண்டும், எழுதியவன் நீதிமன்றம் ஏற வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. அதற்கு 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் 2019 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் விளக்கமறியலில் இருந்தவர் யார்? முகநூலில் ஒரு சிறுகதை வெளியிட்ட எழுத்தாளர் சக்திக சத்குமார. கதை எழுதியவரைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த சட்டத்துக்கு, கல்லும் பெற்றோலும் கொண்டு பட்டப்பகலில் வந்தவர்களை ஏன் வரும் வழியில் மறிக்கத் தெரியவில்லை?

குற்றவாளியைப் பிடிக்க முடியாத இயலாமையை மறைக்கவே ஊரின் வாயை அடைத்தார்கள். அடுத்த தடவை தடை போடும் முன், யார் உத்தரவிட்டார், எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை நாளுக்கு என்று மக்களுக்குச் சொல்லுங்கள். அதற்கும் முன்னர், கும்பல் வரும் வீதியில் பொலிஸாரை நிறுத்துங்கள். கொட்டராமுல்லையில் ஒரு குடும்பம் அந்த நோன்பை ஜனாஸாவோடு கழித்தது. உங்கள் தடை அந்த மனிதரைக் காப்பாற்றவில்லை.