‘முடியாது’ என்று சொல்ல ஒருவர் வேண்டும்

சென்ற இதழில் வந்த மருத்துவமனைச் செலவுக் குறைப்புக் கட்டுரையைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. வட சென்னையின் மாத்தூர், மணலி, திருவொற்றியூர் வட்டாரத்து ஐம்பது, நூறு படுக்கை மருத்துவமனைகளுக்கு யோசனை சொல்லும் கட்டுரையாளர், நர்சிங் சூப்பரிண்டெண்ட் பதவி வெள்ளைக்காரர் காலத்து மேட்ரனின் மிச்சம் என்கிறார். டூட்டி ரோஸ்டரை கம்ப்யூட்டர் போட்டுவிடுமாம். லீவை ஹெச்.ஆர். பார்த்துக்கொள்ளுமாம். மூன்று மருத்துவமனைக்கு ஒரு சூப்பரிண்டெண்ட் போதுமாம். மிச்சமாகும் சம்பளத்தில் கூடுதலாக நர்சுகளை வைத்துக்கொள்ளலாமாம்.

நான் வார்டு நர்சாகச் சேர்ந்து சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றவள். இப்போது மாத்தூரில் குடியிருக்கிறேன். நாளை எனக்கு நெஞ்சு வலித்தால் இவருடைய யோசனையைக் கேட்டு நடக்கும் மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதனால் இது எனக்கு வெறும் கருத்து வேறுபாடு இல்லை.

நாம் குடியிருக்கும் இடத்தை முதலில் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள், அந்தப் பக்கம் அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. அந்தப் பிசுக்கு கழுவப்படும் முன்பே, டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

அப்படிப்பட்ட இரவில் ஒரு மருத்துவமனைக்குள் என்ன நடக்க வேண்டும் என்று கட்டுரையாளர் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பாரா? வாசலில் முப்பது பேர் வந்து நிற்கிறார்கள். டூட்டி டாக்டர் ஒருவரோ இருவரோதான். நனைந்த துணியைக் கழற்ற வேண்டும், கண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிள்ளைகளையும் ஆஸ்துமாக்காரர்களையும் தனியே பிரித்து ஆக்சிஜன் வைக்க வேண்டும். வந்த நேரத்தில் நன்றாகப் பேசிய ஆளுக்குச் சில மணி நேரம் கழித்துத் தொண்டை வீங்கலாம். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல் கண் வைத்திருக்க ஒருவர் வேண்டும். இதற்கெல்லாம் ஆள் எங்கிருந்து வரும்? வென்டிலேட்டர் பக்கத்தில் நிற்பவளை இழுக்க முடியாது. பிரசவ வார்டில் இருவர் இருந்தால் ஒருத்தியை எடுக்கலாம், இன்று அங்கே வலியில் எத்தனை பேர் என்று தெரிந்தால். வீட்டிலிருந்து கூப்பிடுவதென்றால் தண்டையார்பேட்டையில் இருப்பவள் சீக்கிரம் வருவாள், மீஞ்சூரில் இருப்பவள் வர விடிந்துவிடும். எந்த வார்டில் நெபுலைசர் சும்மா இருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது, போன வாரம் சேர்ந்த பெண் தனியாக ஊசி போடுவாளா மாட்டாளா, இத்தனையும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டும். அந்தத் தலைக்குத்தான் சூப்பரிண்டெண்ட் என்று பெயர். ரோஸ்டர் போடும் கம்ப்யூட்டருக்கு நர்சின் பெயரும் டூட்டி நேரமும் தெரியும். அந்த நர்சைத் தெரியாது.

அடுத்து அவருடைய கணக்கு. இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. லீவில் போகிறவர்களுக்கு ஈடாக வைக்கும் ‘லீவ் ரிசர்வ்’ நர்சுகளை உபரி என்று எழுதி, வெட்டச் சொல்லியிருக்கிறார். மருத்துவக் கல்லூரி அல்லாத பொது மருத்துவமனையில் ஐந்து படுக்கைக்கு ஒரு நர்சு, அதற்கு மேல் 30 சதவீதம் லீவ் ரிசர்வ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். 30 படுக்கை வார்டுக்கு 6 பேர், ரிசர்வோடு சுமார் 8 பேர். இவர் 6 போதும் என்கிறார். ஆறு பேர் வாரத்துக்கு ஆறு டூட்டி பார்த்தால் 36 டூட்டி. ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு 21. ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேரை நிறுத்தவே 42 டூட்டி வேண்டும். யாருக்கும் காய்ச்சல் இல்லை, யாரும் பிரசவ லீவில் இல்லை, யார் வீட்டிலும் சாவு இல்லை என்று வைத்துக்கொண்டாலும் ஆறு டூட்டி இடிக்கிறது. அந்த ஆறும் பெரும்பாலும் இரவில்தான் விழும். முப்பது நோயாளிக்கு ஒரே ஒரு நர்சு. ஒருவருக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கட்டிலிலிருந்து விழுந்தால் அவள் எந்தப் பக்கம் ஓடுவாள்? அவர் உபரி என்று அடித்துவிட்ட இரண்டு பேர் இந்தப் பள்ளத்தை அடைக்க வந்தவர்கள்.

இந்தக் கணக்கின் விளைவை வெளிநாட்டில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்து லிண்டா ஏய்க்கன் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்சு பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினால், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை நிதி இலக்கை எட்டுவதற்காக ஆட்களைக் குறைத்தது. 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் தண்ணீர் கொடுக்க ஆளின்றி, அசுத்தத்தில் கிடந்தார்கள். அதை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸின் அறிக்கை 2013-ல் 290 பரிந்துரைகளோடு வந்தது. அதைப் படித்த எவரும் செலவுக் குறைப்பை இவ்வளவு எளிதாக எழுத மாட்டார்கள்.

நான் இளம் நர்சாக இருந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு படுக்கை ஐ.சி.யு. கட்டினார்கள். பெயர் வேண்டாம். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்து, அழைப்பிதழும் அச்சடித்தாகிவிட்டது. ஐ.சி.யு. பழகிய நர்சுகள் ஏழு பேர்தான் இருந்தோம். எங்கள் சூப்பரிண்டெண்ட் அம்மா இயக்குநர் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். “சார், ஏழு பேரை வைத்து இரண்டு படுக்கைதான் பார்க்க முடியும். மீதி நாலையும் நீங்கள் ஆள் கொடுக்கிற அன்றைக்குத் திறக்கிறேன்” என்றார். இயக்குநர் கத்தினார். அம்மா குரலை உயர்த்தவில்லை. தான் சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, “பார்த்துவிட்டேன் என்று ஒரு கையெழுத்து போடுங்க சார்” என்று அவர் முன்னால் வைத்தார். கையெழுத்துப் போடத் துணியாத அவர் இரண்டு படுக்கைக்குச் சம்மதித்தார்.

சூப்பரிண்டெண்டின் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். லினன் எண்ணுவதும் யூனிஃபார்ம் பார்ப்பதும் அதில் சிறு பகுதி. நோயாளிக்கு ஆபத்து என்று தெரியும்போது முதலாளி முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வதும், அதை எழுத்தில் வைப்பதும்தான் அந்தப் பதவி. அதை ஹெச்.ஆர். மேலாளர் சொல்ல மாட்டார், அவருக்கு அந்த ஆபத்து தெரியாது. ஒப்பந்த நர்சு சொல்ல முடியாது, மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது. வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் சூப்பரிண்டெண்ட் மருத்துவமனை நிர்வாகத்தின் மூத்த அலுவலர்களில் ஒருவர். 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடம் அது. அவர்களுக்கு வெள்ளைக்காரர் காலத்து மிச்சத்தைச் சுமந்துகொண்டிருக்கும் அவசியம் இல்லை.

விபத்து நடந்தால் பழி எங்கே போய் விழும் என்பதும் நமக்குத் தெரியும். 2021 ஜனவரி 9 அதிகாலை மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தீப்பிடித்து 10 குழந்தைகள் இறந்தன. வழக்கு பாய்ந்தது அன்று இரவு டூட்டியில் இருந்த நர்சுகள் இருவர் மீது. மின் இணைப்பைப் பராமரிப்பதோ தீயணைப்பு வசதி கேட்டுப் போராடுவதோ ஒரு வார்டு நர்சின் கையில் இருக்கிறதா? அதைக் கேட்க வேண்டிய மேல் பதவியை வெட்டச் சொல்பவர், விபத்து நடந்த பின் கீழே இருப்பவளைக் கைகாட்டத்தான் வழி செய்கிறார்.

வார்டுப் பக்கமே வராத சூப்பரிண்டெண்டுகள் உண்டு என்று அவர் எழுதியிருப்பது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். அவர்களை ரவுண்ட்ஸ் போக வையுங்கள், விழா ஏற்பாட்டிலிருந்து விடுவியுங்கள். மிச்சமாகும் சம்பளத்தில் நர்சு வைக்கலாம் என்பது மட்டும் ஏமாற்று. உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. கட்டுரையாளர் போட்டிருக்கும் நர்சு சம்பளம் அந்தத் தொகையைத் தொடவில்லை.

கடைசியாக, மூன்று மருத்துவமனைக்கு ஒருவர் என்ற யோசனை. மாத்தூரில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று, எண்ணூரில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிக்கு எண்ணூரில் நெஞ்சுவலிக்காரருக்கு வைத்த மருந்து மாறிவிட்டது என்று அவருக்குப் போன் வருகிறது. அவர் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போதே மாத்தூரில் முப்பது பேருக்குத் தனியாக நின்ற நர்சு மயங்கி விழுகிறாள். மாத்தூர் வார்டை அடுத்த ஒரு மணி நேரம் யார் பார்ப்பது என்று, அந்த நபரின் பதவியைக் குறிப்பிட்டு, கட்டுரையாளர் அடுத்த இதழில் பதில் எழுதட்டும்.