பத்திரம் பீரோவில், மனை யார் கையில்?

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் காலி மனைகளின் முகப்பில் தகரப் பலகைகள் நிற்கின்றன: ‘இந்த இடம் விற்பனைக்கு அல்ல. வழக்கு நிலுவையில் உள்ளது.’ கீழே ஒரு வழக்கறிஞரின் கைப்பேசி எண். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விலை ஏற ஏற, இந்தப் பலகைகளும் பெருகுகின்றன.

நில மோசடி என்றதும் போலிக் கையெழுத்தும் ஆள்மாறாட்டமும்தான் நினைவுக்கு வரும். அவையும் நடக்கின்றன. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய மனைப்பிரிவுகளில் போலி ஆவணமே இல்லாமல் ஏமாற்ற முடியும். 1980களிலும் 90களிலும் சென்னைக்காரர்கள் பட்டிபுலம், திருவிடந்தை, வடநெம்மேலிப் பக்கம் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு வாங்கிப் போட்டார்கள். பத்திரம் பதிந்து பீரோவில் பூட்டினார்கள், பட்டா மாற்றவில்லை. வருவாய்த்துறைக் கணக்கில் நிலம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கிறது. அவர் காலமானதும் வாரிசுகள் வாரிசுச் சான்று வாங்குகிறார்கள், பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றுகிறார்கள், மொத்த நிலத்தையும் இன்னொருவருக்கு விற்கிறார்கள். இடையில் சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் இன்னும் வசதி. புது எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவருக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய விற்பனைகள் கண்ணில் படாமலே போகலாம். முதலில் வாங்கியவருக்கு மனை பறிபோகிறது. இரண்டாவதாக வாங்கியவருக்குப் பணம் பறிபோகிறது.

சட்டம் என்ன செய்கிறது? மோசடிப் பதிவை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்ற, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவு 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளியது. உரிமை யாருக்கு என்று தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை என்பது சட்டப்படி சரிதான். ஓய்வூதியத்தில் வாழும் எழுபது வயதுக்காரர் அந்த நீதிமன்றத்தில் எத்தனை வாய்தா தாங்குவார் என்பதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. விற்பவர் முந்தைய மூல ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்ற 55-ஏ விதியையும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உரிமையை ஆராய்வது பதிவாளரின் வேலை அல்ல என்றது. அதே மாதம் தமிழகச் சட்டமன்றம் அந்த நிபந்தனையைச் சட்டமாகவே கொண்டுவர மசோதா நிறைவேற்றியது. நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன வாரிசு விற்பனையை அது தடுக்காது. மனைப்பிரிவில் வாங்கியவர்களிடம் இருப்பது தாய்ப் பத்திரத்தின் நகல்தான். அசல் பழைய உரிமையாளர் வீட்டிலேயே இருக்கிறது!

அறக்கட்டளை நிலத்துக்கும் பாதுகாப்பில்லை. ஆளவந்தார் நாயக்கர் அறப்பணிக்கென விட்டுச்சென்ற ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இந்தக் கடலோரத்தில்தான் இருக்கிறது. நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும் அதில்தான் நிற்கிறது. அறநிலையத்துறையின் பொறுப்பில் உள்ள அந்த நிலத்திலேயே ஆக்கிரமிப்பாளர்களை வெளியேற்ற வேண்டிவந்தது என்றால், தனி மனிதரின் ஒரு கிரவுண்டு எம்மாத்திரம்?

பதிவுத்துறை ஒரு கணக்கும் வருவாய்த்துறை ஒரு கணக்கும் வைத்திருக்கும்வரை இந்த ஓட்டை அடைபடாது. பழைய மனைப்பிரிவுகளைக் கிராமம் கிராமமாக எடுத்து, பதிவான பத்திரங்களோடு ஒப்பிட்டு, மனைதோறும் பட்டா வழங்க செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் முகாம் நடத்த வேண்டும். வாரிசு பெயருக்குப் பட்டா மாற்றும் முன் வட்டாட்சியர் அலுவலகம் தாய் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இங்கிலாந்தில் சொத்தின் பதிவேட்டை யாராவது தொட்டால் பதிந்து வைத்தவருக்கு இலவசமாக மின்னஞ்சல் போகிறது. நம் பழைய பத்திரங்களில் இருப்பதோ உரிமையாளர் என்றோ காலிசெய்த வாடகை வீட்டு முகவரி. கைப்பேசி எண்ணைப் பழைய சொத்தோடும் இணைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் மனை வாங்கிப் போட்டிருப்பவர்கள் இந்த வாரமே பதிவுத்துறை இணையதளத்தில் பழைய எண், புது உட்பிரிவு எண் இரண்டுக்கும் வில்லங்கம் பாருங்கள். பட்டா உங்கள் பெயரில் இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். நேரில் போய் நான்கு மூலையிலும் கல் இருக்கிறதா என்றும் பார்த்து வாருங்கள்.