குடிநோயாளர் கூட்டமும் பகுத்தறிவாளர் கடமையும்

குடியை விட விரும்புகின்ற ஒருவனுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் சொல்லப்படுகின்ற வழிகள் எவை என்று பார்ப்போமானால், கோயிலில் கயிறு கட்டிக்கொள், மாலை போட்டுக்கொள், பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய் என்பனவேயாகும். மாலை போட்டவன் 48 நாள் குடியாமல் இருக்கின்றான். மாலையைக் கழற்றிய கையோடு கடைக்குப் போகின்றவர்கள் பலரை நாம் கண்ணாரக் காண்கின்றோம். 48 நாள் தடுத்த சாமி 49-ஆவது நாள் எங்கே போய்விட்டது? உண்மை என்னவென்றால், அத்தனை நாளும் வீட்டாரும் தெருவாரும் உடன் மாலை போட்டவர்களும் அவனைக் கவனித்து வந்தார்கள். பிறகு கவனிப்பார் யாருமில்லை என்பதேயாகும்.

இந்தக் கவனிப்பை மாலையும் கயிறும் இல்லாமல், நாள் கணக்கும் இல்லாமல் ஏற்படுத்த முடியாதா என்றால், முடியும் என்பதே நமது அபிப்பிராயம். 1935-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்து ஆக்ரன் நகரத்தில், வேலையாய் வந்த பில் வில்சன் என்னும் பங்குத் தரகர், மறுபடியும் குடித்துவிடுவோமோ என்று பயந்து, தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் பேசினார். அவர் பாப் ஸ்மித் என்னும் டாக்டர். இவ்விருவர் பேச்சிலிருந்து பிறந்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்கின்ற ஸ்தாபனமாகும். பெயர் வெளியிடாத குடிநோயாளர் சங்கம் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். 1957-இல் பம்பாய்க்கு வந்த இது, இன்று சென்னை முதலிய ஊர்களில் தமிழிலும் கூட்டம் நடத்துகின்றது.

அங்கே சந்தா இல்லை, ஜாதி கேட்பதில்லை, முழுப் பெயரும் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டுமென்ற விருப்பம் ஒன்றே போதும். ஒருவர் எழுந்து தாம் கெட்ட கதையையும், இன்று எப்படிக் குடியாமலிருக்கின்றார் என்பதையும் சொல்லுகின்றார், மற்றவர்கள் கேட்கின்றார்கள். யாரும் யாரையும் பாவி என்பதில்லை. பேச விருப்பமில்லாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். குடிப்பவரின் வீட்டாருக்கென்று 1951-இல் ஏற்பட்ட ‘அல்-அனான்’ என்ற தனிச் சங்கமும் உண்டு.

நிற்க, “அங்கே கடவுள் பேச்சு வருகின்றதே, பகுத்தறிவாளன் போகலாமா?” என்று தோழர்கள் கேட்கலாம். வருவது உண்மைதான். 1939-இல் அச்சான அவர்களுடைய 12 படிகளில் 6 படிகளில் கடவுளோ, தம்மிலும் பெரிய சக்தியோ பேசப்படுகின்றது. ஆனால், கடவுள் பேச்சில்லாத குழு அந்தச் சங்கத்துக்குள்ளேயே 1975-இல் சிக்காகோவில் ஏற்பட்டுவிட்டது. நாத்திகரான ஒரு கைதியிடம், இம்முறைப்படியான கூட்டத்துக்கு வந்தால்தான் குடும்பத்தாரைத் தங்கிச் சந்திக்கும் சலுகை கிடைக்கும் என்று நிபந்தனை போட்டது சட்ட விரோதமென்று, நியூயார்க் மாகாணத்தின் உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கடவுள் சம்பந்தமே இல்லாத ‘ஸ்மார்ட் ரெக்கவரி’ என்ற ஸ்தாபனம் 1994-இல் ஏற்பட்டு, இணையத்திலும் கூட்டம் நடத்துகின்றது.

பலன் உண்டா என்பதையும் பார்ப்போம். 27 ஆராய்ச்சிகளையும் அவற்றில் கலந்துகொண்ட 10,565 பேரையும் வைத்து ‘காக்ரேன்’ என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் 2020-இல் பரிசீலனை செய்தது. நோயாளியை இக்கூட்டங்களுக்குப் போகும்படி முறையாய்ப் பழக்குகின்ற சிகிச்சையானது, தொடர்ந்து குடியாமலிருக்கச் செய்வதில் மற்றச் சிகிச்சைகளைவிட மேலானதாய்க் காணப்பட்டது. குடியாத நண்பர்களின் கூட்டுறவு கிடைப்பதே இதற்கு ஒரு பெரிய காரணமென்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகின்றார்கள். ஆகவே, வேலை செய்வது மனிதனுக்கு மனிதன் செய்கின்ற உதவியே ஒழிய வேறல்ல. பக்கத்தில் வேறு கூட்டம் இல்லாதபோது, கடவுள் பேர் காதில் விழுந்துவிடும் என்பதற்காக ஒரு தோழர் குடித்துச் சாவது பகுத்தறிவாகாது. வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

ஓர் எச்சரிக்கை. பல வருஷங்களாய் அன்றாடம் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கை நடுக்கமும் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து வரலாம். ஆதலால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். கூட்டம் நடக்குமிடத்தை அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலும், 14446 என்ற அரசாங்க இலவசத் தொலைபேசியிலும் விசாரிக்கலாம். முதற் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு குழுவுக்குப் போகலாம். வழுக்கி ஒரு நாள் குடித்துவிட்டவரும் வெட்கப்படாமல் மறு கூட்டத்துக்குப் போக வேண்டும்.

கடைசியாக, நம் தோழர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். கயிறு கட்டுகின்றவனைப் பார்த்துச் சிரிப்பதோடு நம் வேலை தீர்ந்துவிடாது. கயிற்றுக்குப் பதிலாய் நாம் எதைக் கொடுத்தோம்? ஊர்தோறும் படிப்பகங்களும் மன்றங்களும் இருக்கின்றன. வாரம் ஒரு மாலை அதில் ஓர் அறையைத் திறந்துவிட்டு, நாலு நாற்காலியும் குடிதண்ணீரும் வைத்தால் போதும். ஒரு தெருவில் நான்கு பேர் குடியை விட்டால், நான்கு வீட்டுப் பெண்கள் அடி வாங்காமல் தூங்குவார்கள். நான்கு வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். இதைவிட மேலான பிரசாரம் வேறு என்ன இருக்கின்றது?